எங்கள் கட்டத்துச் சுவர்

புத்தாண்டு ஆராதனையில் ஆயர் நீளமாக ஜெபித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் கோயிலின் தெற்குச் சுவரிலிருந்து சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் காரை பெயர்ந்து என் மடியில் விழுந்தது. சபையே கண்ணை மூடியிருந்த நேரம். நான் போட்ட சத்தத்தில் ஆயர் சட்டென்று ஆமென் சொல்லி முடித்துவிட்டார். அதற்காகவே இரண்டு பேர் பிறகு எனக்கு நன்றி சொன்னார்கள். யாருக்கும் அடிபடவில்லை. என் புதுப் பட்டுப் புடவைக்குத்தான் சேதம். ஆனால் மடியில் கிடந்த காரையைத் திருப்பிப் பார்த்ததும் புடவை எனக்கு மறந்தே போனது. ஒரு பக்கம் கிரீம் நிறத்தில் பளபளவென்று மின்னியது. மறுபக்கம் ஈரமாக, பிசைந்த மாவு போலக் கையோடு வந்தது. பளபளத்த பக்கம் என் கடை எனாமல். அதன் ஷேடு எண்ணைக்கூடச் சொல்லிவிடுவேன்.

சிங்காநல்லூரில் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் பெயிண்ட் கடை. அவர் வெளியே கான்ட்ராக்ட் வேலைகளைப் பார்ப்பார், கடை என் கையில். கலர் மிஷின் முன்னால் நின்று நின்று, எந்தச் சுவரைப் பார்த்தாலும் அதன் நிறம் எனக்கு எண்ணாகத்தான் தெரியும். கல்யாணத்துக்குப் போனால் மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் மண்டபத்துச் சுவரைப் பார்த்துவிடுவேன். என் பிள்ளைகள் இதைச் சொல்லியே என்னை ஓட்டுவார்கள்.

கோயில் திருச்சி ரோட்டு மேம்பாலத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. எங்கள் தாத்தா காலத்து ஆட்கள் தோட்டங்களில் கூலிக்கு இருந்தவர்கள், மில் வந்ததும் மில்லுக்குப் போனவர்கள். ஷிப்டு முடித்து வந்து அவர்களே செங்கல் சுமந்து, சுண்ணாம்பு அரைத்துக் கட்டிய கட்டடம் அது. ஓட்டுக்கூரை, இரண்டடி கனச் சுவர், மேலே வளைந்த உயரமான ஜன்னல்கள். காணிக்கை போடக் காசில்லாததால் வேலையைக் காணிக்கையாகக் கொடுத்தார்கள். ஒரு ஜன்னலுக்கும் அடுத்த ஜன்னலுக்கும் இடையில் இருக்கும் சுவர் ஒரு குடும்பத்துக்கு. அதற்குக் கட்டம் என்று பெயர். டிசம்பர் பிறந்ததும் முதல் சனிக்கிழமை அவரவர் கட்டத்துக்கு அவரவர் வெள்ளையடிக்க வேண்டும். எங்கள் கட்டம் தெற்குச் சுவரில் மூன்றாவது. அம்மா அடிப்பார், அண்ணன் ஏணியைப் பிடிப்பார், நான் கீழே நின்றுகொண்டு, அங்கே விட்டுப்போயிற்று, இங்கே விட்டுப்போயிற்று என்று சொல்வேன். அந்த வேலையில் நான் அப்போதே கெட்டிக்காரி.

அம்மா இறந்த வருஷம் கடை நன்றாக ஓடத் தொடங்கியிருந்தது. அம்மா நினைவாகக் கோயில் முழுக்க உள்ளே எனாமல், வெளியே எமல்ஷன், அடிச்சுவரில் இடுப்பு உயரத்துக்குச் சிமெண்ட் பூச்சு, எல்லாம் என் பொறுப்பில் செய்துகொடுத்தேன். இனிமேல் யாரும் வருஷா வருஷம் சுண்ணாம்பு வாளி தூக்க வேண்டியதில்லை என்று ஆயர் அறிவித்தபோது சபை கைதட்டியது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். உண்மையில் பல் வெளியே தெரியச் சிரித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு மூன்று நான்கு வருஷத்துக்கு ஒரு தரம் மேலே ஒரு கோட்டும் நானே கொடுத்து வந்தேன்.

காரை விழுந்த மறுவாரம் சபையிலிருந்து ஒரு என்ஜினியரை அழைத்து வந்தார்கள். இரண்டு ஊசி வைத்த ஒரு சின்னக் கருவியை அவர் சுவரில் குத்தினார். எங்கே குத்தினாலும் அது சிவப்பு விளக்கைப் போட்டுக் கத்தியது. 

"செவுரு பூரா ஈரமுங்க. கட்டடத்துக்கு வயசாயிருச்சு. ஒட்டுப்போட்டு ஒண்ணும் ஆகறதில்ல, இடிச்சுப்போட்டுக் கட்டிருங்க" என்றார்.

அவர் சொன்னதைக் கேட்டு என் அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. அண்ணன்தான் சபையின் செயலர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து புதுக்கோயில் என்பதுதான் அவருடைய மூச்சு. வரைபடம் ஏற்கெனவே அவர் பையில் தயாராக இருந்தது. ஈஸ்டர் முடிந்த அடுத்த ஞாயிறு பொதுக்குழுவைக் கூட்டி, கைதூக்கச் சொல்லி முடிவெடுப்பது என்று அறிவித்துவிட்டார்.

"ஏம்புள்ள, பாலத்து மேல பஸ்ல போறவனுக்கு நம்ம கோபுரம் தெரியோணும். இத்தன நாளா இது கூலிக்காரங்க கோயில்னுதானே இருக்குது? நாம எத்தன நாளைக்குச் சுண்ணாம்புல கட்டுன கொட்டாயில உக்காந்துட்டு இருக்கறது?" என்று என்னிடம் கேட்டார்.

அவர் கேட்டதில் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன். கிறிஸ்துமஸ் அன்று பாதிச் சனம் வெளியே பந்தலில்தான் நிற்கும். அவர் மகள் கல்யாணத்துக்கே இடம் போதாமல் மண்டபம் பிடித்தோம். ஆனாலும் இடிக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. எங்கள் ஆட்கள் இந்த ஊரில் எத்தனையோ கட்டடங்களுக்குக் கல் சுமந்திருக்கிறார்கள். தங்களுக்கென்று தங்கள் கையால் கட்டிக்கொண்டது இது ஒன்றுதான். இதை இடித்துவிட்டால் அவர்கள் இங்கே இருந்தார்கள் என்பதற்கு வேறு என்ன அடையாளம் இருக்கிறது? இதை அண்ணனிடம் சொன்னேன். "அடையாளத்துக்கு போட்டோ எடுத்து மாட்டிக்கலாம்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அவருக்குக் காப்பி கூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டேன்.

ஈரம்தானே பிரச்சினை, அதற்கு என் கடையில் மருந்தில்லாமலா? வாட்டர்ப்ரூஃப் சரக்கு பத்து டின்னைத் தனியாக எடுத்து வைத்தேன். அண்ணன் மூக்கை உடைத்துவிடலாம் என்று எனக்கு ஒரே குஷி. அந்த நேரத்தில்தான் அவிநாசிக்காரக் கொத்தனார் ஒருவர் சிவப்பு ஆக்சைடு பொடி வாங்கக் கடைக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும். காதில் எப்போதும் போன். கோயில் திருப்பணிகளில் சுண்ணாம்பு வேலை செய்கிறவர். இப்போது தோட்டத்து பங்களாக்காரர்கள் எல்லோரும் சுண்ணாம்புச் சுவர்தான் வேண்டும் என்று கேட்பதால், அவரிடம் தேதி வாங்குவது பெரிய டாக்டரிடம் வாங்குவதைவிடக் கஷ்டம். தனியாக அடுக்கி வைத்த டின்களைப் பார்த்து எதற்கென்று கேட்டார். நான் பெருமையாக விவரம் சொன்னேன். போனைக் காதிலிருந்து எடுத்தார்.

"ஏனுங்கக்கா, சுண்ணாம்புச் செவுருங்களா? அதுக்கு மேல இதையா அடிக்கப் போறீங்க? வேர்த்து ஒழுகறவனுக்கு பிளாஸ்டிக் கவரச் சுத்தி உடறாப்பல இருக்குதுங்க."

நான் விற்கும் சரக்கை என் கடையில் நின்றே பழித்தால் எனக்குப் பொறுக்குமா? நான்கு வார்த்தை நன்றாகக் கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. 

"உக்கடத்துப் பக்கம் ஒரு பள்ளிவாசல்ல வேல முடிச்சுப்போட்டு இப்பத்தான் வாரேன். நாளைக்குக் காலைல வாங்க, கண்ணுல காட்டறேன். அப்பறம் திட்டுங்க" என்றார்.

போனேன். திட்டுவதற்காகவே போனேன். குறுகலான சந்துக்குள் சின்னப் பள்ளிவாசல். தொழுகை இல்லாத நேரமாகப் பார்த்து, பள்ளிவாசலை நிர்வகிக்கும் முத்தவல்லி எங்களை வெளிவராந்தா வழியாக அழைத்துப் போனார். நான் இதுவரை ஒரு பள்ளிவாசலுக்குள் போனதில்லை. அந்தச் சுவரைப் பார்த்ததும் திட்ட வந்ததை மறந்துவிட்டேன். வெள்ளை. ஆனால் என் ஷேடு கார்டில் இல்லாத வெள்ளை. நான் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தும் அதற்கு எண் அகப்படவில்லை. கிட்டே போனால் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தது போல வாசம்.

"கைய வெச்சுப் பாருங்கம்மா. போன வருசம் இதே எடத்துல தண்ணி வழிஞ்சுதுங்க" என்றார் முத்தவல்லி. 

வைத்துப் பார்த்தேன். சில்லென்று, காய்ந்து இருந்தது. அவரும் என்னைப் போலவே ஆர்வக்கோளாறு பிடித்தவர். ஒவ்வொரு தூணாக என் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் காட்டினார். "தரையில இருந்து ஈரம் ஏறத்தானுங்க செய்யும். ஏறுனது வெளிய போகோணுமில்ல? துபாய்ல இருக்கற நம்ம தம்பி ஒருத்தரு ஆசப்பட்டு செவுரு பூரா டைல்ஸ் ஒட்டிக் குடுத்தாரு. அதுல அடைச்சுப் போச்சுங்க. அதத்தான் மொதல்ல பேத்தோம். பேக்கறதுக்கு ரெண்டு நாளு. அவருகிட்ட அதச் சொல்றதுக்கு ஆறு மாசம்."

அவர் சிரித்தார். கொத்தனார் சிரித்தார். நானும் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தேன். எங்கள் தாத்தாமார் கட்டிய சுவர், வருஷம் முழுக்க ஈரத்தைக் குடித்து வெளியே விட்டுக்கொண்டு நன்றாகத்தான் நின்றிருக்கிறது. நான்தான் இரண்டு பக்கமும் அதன் வாயை அடைத்தேன். அதுவும் ஒரு தடவை இல்லை, கோட்டு கோட்டாக. கட்டடத்துக்கு வயதாகவில்லை, என் கைங்கரியம். இதை யாரிடம் சொல்வது? சொன்னால் கடைக்கு யார் வருவார்கள்? அம்மா பெயரில் செய்தது வேறு. சொல்ல எனக்குத் தைரியமில்லை. ஆனால் இதில் ஒரு நல்ல சேதி ஒளிந்திருந்தது, அதுதான் என்னைச் சீட்டில் உட்காரவிடவில்லை. நான் அடைத்ததை நானே திறக்கலாம்!

எங்கள் கட்டத்தை மட்டும் சுரண்டிப் பார்க்கிறேன் என்று அண்ணனிடம் அனுமதி கேட்டேன். "இடிக்கப் போற செவுருதானே, சுரண்டிக்க" என்றார். அவருக்கும் அது சொந்தக் கட்டம்தான். கிட்டே வந்துகூடப் பார்க்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை, பட்டி பிளேடும் கையுமாக நானும் என் வீட்டுக்காரரும் ஆரம்பித்தோம். கொத்தனார் பெரிய மனது பண்ணி இரண்டு மணி நேரம் ஒதுக்கியிருந்தார். பெயிண்டின் ஓரத்தில் பிளேடை விட்டு நெம்பியதும் ஒரு முழ நீளத்துக்கு அப்படியே தோலாக உரிந்து வந்தது. அதன் பின்னாலிருந்து தண்ணீர் சொட்டியது. நிஜத் தண்ணீர், என் புறங்கையில் வழிந்து முழங்கை வரை ஓடியது. "பாருங்க, பாருங்க!" என்று நான் கத்திய கத்தலில் பக்கத்துக் கட்டடத்து வாட்ச்மேன் ஓடி வந்துவிட்டார்.

உரிக்க உரிக்க என் கடையின் சரித்திரமே வெளியே வந்தது. மேலே போன தடவை கொடுத்த கிரீம். அதற்கடியில் சந்தன நிறம், அது என் மூத்தவள் பள்ளி முடித்த வருஷம். அதற்கும் அடியில் தந்த நிற எனாமல், முதன்முதலில் கொடுத்தது. அதோடு நான் முடிந்தேன். அதற்குக் கீழே சுண்ணாம்பு. ஒன்றன்மேல் ஒன்றாக, காகிதக் கனத்தில், எத்தனை டிசம்பர் என்று எண்ணமுடியாத அளவுக்கு அடுக்கடுக்காகச் சுண்ணாம்பு. ஓரிடத்தில் அதுவும் பெயர்ந்திருந்த இடத்தில் ஆதிப்பூச்சு தெரிந்தது. கொத்தனார் ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தார். சலவைக்கல் மாதிரி வழவழப்பு. என் முகத்தின் நிழல் அதில் தெரிந்தது.

"யாருங்கக்கா இதப் போட்டது? கூழாங்கல்ல வெச்சு நாள் முச்சூடும் தேச்சிருக்கறாங்க. பெரிய பெரிய அரமனையிலதான் இந்த வேலையப் பாத்திருக்கறேன்" என்றார்.

யார் போட்டது என்று எனக்குத் தெரியும். பகலெல்லாம் மில்லில் நின்றுவிட்டு வந்தவர்கள் போட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. சிரிப்பும் கூடவே வந்தது. வீட்டுக்காரர் எதற்கு என்று புரியாமல் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் எங்கள் கட்டத்தைச் சுற்றிக் கூட்டம். அந்த வழவழப்பைத் தொட்டுப் பார்க்க வரிசையே நின்றது. நம் சபைக்காரர்களுக்கு ஒரு குணம் உண்டு. ஒருவர் கட்டம் நன்றாக இருந்தால் பக்கத்துக் கட்டத்துக்காரருக்குத் தூக்கம் வராது. அந்தக் காலத்திலும் வெள்ளையடிப்பில் யார் கட்டம் பளிச்சென்று இருக்கிறது என்று உள்ளுக்குள் ஒரு போட்டி நடக்கும். நான் எனாமல் அடித்தபோது எல்லாக் கட்டமும் ஒன்றாகி, அந்தப் போட்டியும் செத்துப்போயிருந்தது. இப்போது மறுபடி உயிர் வந்தது. நான்காம் கட்டத்து அக்கா சாயங்காலமே வீட்டிலிருந்து தோசைக்கரண்டியோடு வந்துவிட்டார். 

"உங்குளுது மட்டும் அரமனை, எங்குளுது என்ன மாட்டுக்கொட்டாயா?" என்று கேட்டுவிட்டுச் சுரண்டத் தொடங்கினார். 

அடுத்த சனிக்கிழமை உள்ளேயும் வெளியேயுமாகப் பன்னிரண்டு தோசைக்கரண்டிகள். அண்ணன் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிற பெண்கள், ஆட்டோ ஓட்டுகிறவர், நர்ஸ், வக்கீல், எல்லோருக்கும் தலை முதல் கால் வரை கிரீம் நிறத் தூசி. "கறிய வெட்டறாப்பல வெட்டாதீங்க, தோசையத் திருப்பறாப்பலத் திருப்புங்க" என்று கொத்தனார் போனிலேயே வகுப்பு எடுத்தார். அடிச்சுவரின் சிமெண்டை மட்டும் அவருடைய ஆட்கள் உளி வைத்து எடுத்தார்கள். ஆனால் இந்த ஈரம் ஏன் வந்தது என்று யாரும் கேட்கவில்லை. பழைய கட்டடம், அப்படித்தான் இருக்கும் என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள். நானும் வாயைத் திறக்கவில்லை. சுரண்டுவதில் ஒரே உற்சாகமும், சொல்லாமல் இருப்பதில் உறுத்தலுமாக அந்த மூன்று மாதம் போனது.

மாசி, பங்குனி வெயில் சுவரை வேலை வாங்கியது. ஜன்னல்களை எல்லாம் திறந்து வைத்தோம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பகல் முழுக்க உள்ளே புகுந்து போனது. கடையிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் தினமும் கோயிலுக்குள் நுழைந்து சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பது போலத்தான். முதலில் தலை உயரத்தில் காய்ந்தது, பிறகு தோள், பிறகு இடுப்பு. குருத்தோலை ஞாயிறு அன்று என்ஜினியர் மறுபடி வந்து ஊசியைக் குத்தினார். இடுப்புக்கு மேலே பச்சை! அடியில் மட்டும் மஞ்சள். 

"கொறஞ்சிருக்குதுங்க, இல்லைங்கல. ஆனா ஏன் வந்துச்சுன்னு தெரியாம எப்படி நான் எழுதித் தர்றது? நாளைக்கு மறுபடி வந்தா? வயசான கட்டடம் வயசானதுதானுங்க" என்றார். 

இடிக்கச் சொல்லி அவர் முன்பு எழுதிக் கொடுத்த அறிக்கை அப்படியே நின்றது. அண்ணனும் தன் வரைபடத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு வாசலில் ஒட்டினார்.

பொதுக்குழுவுக்கு முந்தின நாள் சனிக்கிழமை வெள்ளையடிப்பு. அடிச்சுவரில் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் குழைத்த சுண்ணாம்புப் பூச்சு ஏற்கெனவே போட்டாகிவிட்டது. கொத்தனார் டிரம்மில் மாதக்கணக்கில் ஊறிய சுண்ணாம்பை வேட்டித்துணியில் வடிகட்டிக் கொடுத்தார். எல்லோருக்கும் ரப்பர் கையுறை கொண்டு வந்திருந்தார். எனக்கு அது சரிப்படவில்லை. வெள்ளையடிக்கிற நார்மட்டை கைக்குள் நிற்காமல் வழுக்கியது. கழற்றி எறிந்துவிட்டு வெறுங்கையால் அடித்தேன். மாநகரத்தின் நடுவில், மேலே பாலத்தில் வண்டிகள் இரைந்துகொண்டு போக, ஒரு கோயில் முழுக்கக் குடும்பம் குடும்பமாக ஏணி போட்டு நின்று வெள்ளையடித்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரே பாட்டு, ஒரே கூச்சல், ஒருவர் தலையில் இன்னொருவர் சொட்டியதற்குச் சண்டை.

ஆனால் அடித்தது சுவரில் தெரியவில்லை. நீர்த்த மோர் மாதிரி ஓடியது. மூன்று முறை அடித்தும் பின்னாலிருந்த கறை எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. என் கடையில் இப்படி ஒரு சரக்கை விற்றால் வாடிக்கையாளர் டின்னைத் தூக்கி என் தலையிலேயே அடித்திருப்பார். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றிருந்தார். "இதுக்கா புள்ள இத்தன பாடு? வாசல் தெளிச்சாப்பல இருக்குது" என்றார். கொத்தனாரைப் பார்த்தேன். அவர் போனில் யாருக்கோ அடுத்த மாதத் தேதி கொடுத்துக்கொண்டே, "போயி தூங்கி எந்திரிச்சு வாங்கக்கா. அது மெதுவாத்தான் வெளுக்கும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோருக்கும் முன்னால் போய்க் கதவைத் திறந்தேன். திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். சுவர் வெளுத்திருந்தது. கறையும் இல்லை, திட்டும் இல்லை, நான்கு பக்கமும் ஒரே வெள்ளை, கிழக்கு வெயில் பட்டு உள்ளே விளக்கே தேவைப்படவில்லை. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வெட்கமில்லாமல் நடுவழியில் இரண்டு சுற்றுச் சுற்றினேன். ஆராதனைக்கு வந்தவர்கள் ஒவ்வொருவரும் வாசலிலேயே நின்றதால் பின்னால் வந்தவர்கள் முட்டிக்கொண்டார்கள்.

ஆராதனை முடிந்ததும் பொதுக்குழு. அண்ணன் அறிக்கையை வாசித்தார். நியாயமாகத்தான் வாசித்தார், ஒரு வரி கூட்டவில்லை, குறைக்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஆட்டோக்காரர் எழுந்து கேட்டார். 

"பாக்கறதுக்கு நல்லா இருக்குதுங்க. ஆனா காரணம் தெரியாம ஒட்டுப்போட்டு, நாளைக்குப் புள்ளைங்க மேல உழுந்தா என்னங்க பண்றது?" 

பலரும் தலையாட்டினார்கள். நான்காம் கட்டத்து அக்காகூடத் தலையாட்டினார். கைகள் எந்தப் பக்கம் தூக்கப்படும் என்பது எனக்குத் தெரிந்துபோயிற்று. காரணம் தெரிந்தவள் அந்தக் கோயிலில் நான் ஒருத்திதான்.

எழுந்து போய் மைக்கைப் பிடித்தேன்.

"காரணம் எனக்குத் தெரியுமுங்க. செவுத்தக் கெடுத்தது நாந்தானுங்க. அம்மா பேருல நான் அடிச்ச எனாமலும், கீழ பூசுன சிமெண்டுந்தான் ஈரத்த உள்ளயே அடைச்சு வெச்சுது. ஜனவரி மாசமே எனக்குத் தெரியும். கடை பேரு கெட்டுப்போகும்னு பயந்துட்டுச் சொல்லலீங்க. கட்டடத்துமேல ஒரு குத்தமும் இல்ல. மறுபடி பெயிண்ட் அடிக்காம, வருசா வருசம் சுண்ணாம்பு அடிச்சா அது நிக்கும். மன்னிச்சுக்கங்க."

என்னால் யார் முகத்தையும் பார்க்கமுடியவில்லை. மேசைக்குப் பின்னால் அண்ணன் எழுந்தார். முடிந்தது, என் வாயாலேயே வகையாக மாட்டிக்கொண்டேன், இப்போது பிடித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் மைக்கை வாங்க வந்தவர், மைக்கைப் பிடித்திருந்த என் விரல்களையே பார்த்தார். முந்தின நாள் சுண்ணாம்பில் தோல் வெடித்து, நுனியெல்லாம் சிவந்து, இரண்டு இடத்தில் ரத்தம் கட்டியிருந்தது. உற்சாகத்தில் நானே அதைக் கவனித்திருக்கவில்லை.

"அம்மாவுக்கும் இப்படித்தானுங்க வெடிக்கும்" என்றார். எனக்குச் சொல்கிறாரா சபைக்குச் சொல்கிறாரா என்று தெரியவில்லை. "இது சின்னப் புள்ள, இதுக்குத் தெரியாது. மில்லு மூடுனப்பறம் அம்மா தீவாளிக்கும் பொங்க நோம்பிக்கும் ஊருக்கெல்லாம் வெள்ளையடிக்கப் போனாங்க. சாயங்காலம் வந்தா சோத்தப் பெசைய முடியாது. நாந்தான் ஊட்டி உடுவேன். நடுவுல டிசம்பர்ல இங்க வந்து அதே கையில சாமிக்கும் அடிப்பாங்க. எனக்கு இந்தச் சுண்ணாம்பு வாசமே ஆகாதுங்க. என்ற தங்கச்சி பெயிண்ட் அடிச்சுக் குடுத்தப்ப மொதல்ல கைதட்டுனது நாந்தான். அது இதச் செவுத்துக்குப் பண்ணல. அம்மாவுக்குப் பண்ணுச்சு."

எனக்கு அதுவரை தெரியாது. ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற பையன் கீழே நின்ற என்னைப் போலச் சுவரைப் பார்க்கவில்லை, அம்மாவின் கையைப் பார்த்திருக்கிறான் என்பது இத்தனை வயதுக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அண்ணன் போய் உட்கார்ந்து குறிப்பேட்டைத் திறந்தார். இடம் போதாததற்கு, கோயிலுக்குப் பின்னால் ஷெட் இருக்கிற இடத்தில் ஒரு மண்டபம் கட்டிக்கொள்ளலாம் என்றார். கோயிலை இடிப்பதில்லை என்பதற்குக் கைதூக்கச் சொன்னார். தூக்கினார்கள். நான் எண்ணவில்லை, எண்ணத் தேவையும் இருக்கவில்லை. அவர் எழுதி முடித்துவிட்டுப் பேனாவை மூடாமல் நிமிர்ந்தார்.

"ரெண்டாவது தீர்மானம் ஒண்ணு இருக்குதுங்க. இனிமேல் கையுறை போடாம ஒருத்தரும் சுண்ணாம்பு வாளியத் தொடக்கூடாது. என்ற தங்கச்சியும் சேத்தித்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தார். நான்தான் முதலில் கையைத் தூக்கினேன்.